சிந்தாத கண்ணீர்: யப்பானியரின் இரங்கற் பாட்டு

1923ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முதலாந் திகதி, நண்பகலுக்குச் சிறிது முன்னர், தோக்கியோ நகரமும் அதனை அடுத்த யொக்கொகாமாத் துறையும் நிலநடுக்கத்தால் நிலைகுலைந்தன. வீடுகளில் அடுப்பெரியும் வேளை. வீடுகளோ மரத்தாலானவை. காற்றும் பலமாய் வீசியது. நிலம் நடுங்கியதால் மாண்டவரினும் தீயால் மாண்டவரே பலர். ஒரு நூறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. சாம்பல் ஆறுமுன்னரே பழிசுமத்த ஆள் தேடுதல் தொடங்கிற்று. ஒரு குற்றமும் அறியாத கொரியர் பலர் வெறுங் கட்டுக்கதையால் கொலையுண்டனர், அது பெருங்கொடுமை. பழி சுமந்தவற்றுள் ஒரு பாட்டும் இருந்தது.

அந்தப் பாட்டின் பெயர் ‘செந்தோ கொஉதா’. ‘ஓடக்காரன் சிறுபாட்டு’ எனத் தமிழிற் சொல்லலாம். சொல், நொகுச்சி உசோ என்னும் கவிஞருடையது. இசை, நக்கயாமா சிம்பெய் என்பவருடையது. 1921இல் இயற்றப்பட்டு, 1923இன் தொடக்கத்திலே திரைப்படமாகவும் வந்து, நிலம் நடுங்கிய காலத்திலே தெருவெங்கும் பாடப்பட்டு வந்தது. பொருள் மிக எளியது. ஆற்றங்கரையிற் காய்ந்து நிற்கும் நாணல் போன்றதொரு புல்லோடு ஒருவன் தன்னையும் தன் துணையையும் ஒப்பிடுகின்றான்; இனி ஓடம் விட்டுக் காலங் கழிப்போம் என்று துணிகின்றான். அவ்வளவே.

இத்தகைய சோர்ந்த பாட்டை ஊரெல்லாம் பாடியதே அழிவை அழைத்தது என்று அந்நாட்டிற் சிலர் கூறினர். பாடும் வாய்க்கும் நடுங்கும் நிலத்துக்கும் என்ன தொடர்பு என்று நாம் நகைக்கலாம். ஆனால், அறம்வைத்துப் பாடிய கலம்பகத்தைக் கேட்டு அரசன் ஒருவன் வெந்து மாண்டான் என்னுங் கதையை வாயூறச் சொல்பவர்கள் நாம். சிறிது அடக்கமாகவே நகைக்க வேண்டும்.

இரங்கற் பாட்டின்மேல் யப்பானிலே வழக்குத் தொடுக்கப்பட்டது இதுவே முதன்முறை அன்று. இறுதி முறையும் அன்று. ஊழை அழைக்கிறது என்றார் ஒருசாரார். ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்றார் முன்னிருந்தோர். வீரத்தைக் குலைக்கிறது என்றார் பின்வந்தோர். இத்தனை வழக்கிலும் தோற்காமல் அது எப்படி நின்றது என்பதே ஈண்டு ஆராயத் தக்கது. அதற்கு முதலில் வேரைப் பார்க்க வேண்டும்.

யப்பானியரின் மிகப் பழைய பாத்தொகை ‘மன்யோசு’. இருபது பகுதிகள், ஏறக்குறைய 4,500 பாடல்கள். அவற்றுட் காலம் குறிக்கப்பெற்ற இறுதிப் பாட்டு கி.பி. 759ஆம் ஆண்டுக்குரியது. தொகுத்தோர் பாடல்களை வகைப்படுத்தியபோது காதலர் தம்முள் மாற்றிக்கொள்ளும் பாட்டை ஒரு வகையாகவும், இறந்தாரை எண்ணி இரங்கும் பாட்டை இன்னொரு வகையாகவும் வைத்தனர். இவ்விரங்கற் பாட்டுக்கு ‘பங்கா’ என்று பெயர். பாடை இழுக்கும்போது பாடுவது என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள்.

அவ்வகையிலே தலைசிறந்தவர் கக்கினொமொத்தோ ஹித்தொமாரோ. தம் காதற்றுணைவி இறந்தாள் என்ற செய்தி கேட்டு அவர் பாடிய நெடும்பாட்டு ஒன்று உண்டு. அவளை மறைவிலே காதலித்தவர். ஆகையால் ஊரறிய அழவும் வகையில்லை. என்ன செய்கிறார்? அவள் வழக்கமாகச் செல்லும் காரு என்னும் ஊர்ச் சந்தைக்குப் போகிறார். சனம் போகிறது, வருகிறது. அவள் சாயல் உள்ளவர் ஒருவர்தாமும் இல்லை. செய்வதறியாது அவள் பெயரைக் கூவித் தம் அங்கியின் கையை வீசுகிறார். சந்தைக் கூட்டத்தின் நடுவே வீசும் அந்தக் கையோடு பாட்டு நின்றுவிடுகிறது. மார்பில் அறைதலும் இல்லை, மண்ணிற் புரளுதலும் இல்லை. 1,300 ஆண்டு கழித்துப் படிக்கும்போதும் நெஞ்சு கனக்கிறது.

அடுத்த பெருந்தொகை 905ஆம் ஆண்டிலே அரசன் ஆணையால் தொடங்கிய ‘கொக்கின்சு’. இதுவும் இருபது பகுதி. அவற்றுள் ஐந்து பகுதி காதலுக்கே உரியன. அவ்வைந்தும் வைக்கப்பெற்ற முறை அழகானது. ஒருத்தியைப் பற்றிக் காதாற் கேட்டு ஏங்குவதிலே தொடங்கி, காண்டல், கூடல், ஐயுறல், மறக்கப்படல் என்று வளர்ந்து, முறிந்த காதலை எண்ணி இருத்தலிலே முடிகின்றது. கூடலுக்குரிய பாடல்கள் சில. ஏக்கத்துக்கும் முறிவுக்கும் உரியன பல. தொகுத்தவர்களுள் ஒருவரான கி நோ த்சுரயுக்கி, பாட்டு மனித நெஞ்சை வித்தாகக் கொண்டு முளைப்பது என்று முன்னுரையிலே கூறினார்.

இப்பாடல்களின் அளவு 31 அசை. ஐந்து, ஏழு, ஐந்து, ஏழு, ஏழு என்று ஐந்து அடி. நம் குறள்போற் சிறிய பாத்திரம். அதற்குள் ஒரு துன்பத்தை அடக்குவதற்கு அவர்கள் கண்ட வழி சிலேடை. நமது பிற்காலப் புலவர் சிலேடையை வித்தை காட்டுவதற்கே பெரிதும் பயன்படுத்தினர். அவர்களோ அழுவதற்குப் பயன்படுத்தினர். ‘மத்சு’ என்றால் ஊசியிலை மரம்; ‘மத்சு’ என்றால் காத்திருத்தல். மலையில் நிற்கும் மரத்தைச் சொன்னால் வாசலில் நிற்கும் பெண்ணையும் சொன்னதாகும். ‘நகமெ’ என்பது பார்த்தபடி எண்ணத்தில் ஆழ்தல். அதுவே நெடுமழை என்றும் பொருள்படும். ‘அகி’ இலையுதிர் காலம். அதே ஒலி சலிப்பையும் குறிக்கும். இலையுதிர் காலம் வந்தது என்று ஒருத்தி பாடினால், அவன் மனம் என்னிலே சலித்துவிட்டது என்பதும் அதற்குள் இருக்கும். அவனைக் குறைகூற வேண்டியதில்லை. பருவம் தானே கூறிவிடும்.

ஒன்பதாம் நூற்றாண்டுப் பெண்பாற் புலவர் ஒனோ நோ கொமாச்சி இக்கலையிலே கைதேர்ந்தவர். கனவிலே காதலனைக் காணல் அவருக்கு விருப்பமான பொருள். இரவாடையை உட்புறம் வெளியாகப் புரட்டி உடுத்துத் துயின்றால் காதலன் கனவில் வருவான் என்பது அக்கால நம்பிக்கை. அதையும் அவர் பாட்டில் வைத்தார். கண்ணீரைப் பற்றி இக்கவிகள் நேரே பேசுவது குறைவு. அங்கியின் அகன்ற கை நனைந்தது என்பார்கள். பனியால் நனைந்தது, மழையால் நனைந்தது, அலையால் நனைந்தது என்று காரணமும் கற்பிப்பார்கள். அது எதனால் நனைந்தது என்று கேட்பவருக்குத் தெரியும்; சொல்பவருக்கும் தெரியும்.

முதல், கரு, உரி என்று அகப்பொருளைக் கற்றவர்க்கு இவையெல்லாம் புதுமையாகத் தோன்றா. தோக்கியோவிலே பேராசிரியராயிருந்த சுசுமு ஓனோ, தமிழுக்கும் யப்பானியத்துக்கும் உறவு உண்டென்று நெடுங்காலம் ஆய்ந்தார். நமது பேராசிரியர் அ. சண்முகதாசும் அவர்தம் துணைவியார் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் இருந்து உழைத்தமையும், மன்யோசுக் காதற் பாடல்களைச் சங்கப் பாடல்களோடு வைத்து நோக்கியமையும் இந்நாட்டுத் தமிழர் அறிந்தவை. மொழியுறவு பற்றிய ஓனோவின் முடிபை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அவ்வழக்கு அறிஞர் மன்றிலேயே கிடக்கட்டும். இரு பாத்தொகைகளையும் அருகருகே வைத்துப் படிப்பதற்கு இரத்த உறவு நிறுவப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இனி, வீரத்தைக் குலைக்கிறது என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம். இதற்கு விடை, குற்றம் சாட்டப்படுவதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. மொத்தொஓரி நொரினாகா என்பவர் மருத்துவத் தொழில் செய்த பெரும்புலவர். 1730இல் பிறந்து 1801இல் மறைந்தவர். பதினோராம் நூற்றாண்டிலே முரசாக்கி என்னும் அரண்மனைப் பெண் எழுதிய ‘கெஞ்சி கதை’யை, ஒழுக்கம் பிழைத்த காதற் கதை என்று நீதி நூலார் பழித்து வந்தனர். நொரினாகா 1763இல் எழுதிய நூலிலே அதற்கு மறுப்புக் கூறினார். கதையும் பாட்டும் நீதி போதிக்க வந்தவையல்ல. பொருள்கள் நெஞ்சைத் தொடும்போது அது நெகிழ்கின்றதே, அந்த நெகிழ்ச்சியை அறியச் செய்ய வந்தவை என்பது அவர் கொள்கை. அவர் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று மறக்க முடியாதது. களத்திலே அஞ்சாது மடிந்த வீரனை எழுதுவோர் அவன் வீரத்தை மட்டும் எழுதுவர். மெய்யாக அவன் உள்ளத்தை எழுதினால், ஊரிலுள்ள பெற்றோரையும் மனைவி மக்களையும் ஒருமுறை காண வேண்டும் என்ற ஏக்கம் அங்கே இருக்குமே என்கிறார். கல்லும் மரமும் அல்லாத எவனுக்கும் அது உண்டு என்பது அவர் துணிபு.

இந்த மருத்துவரின் சொல் மெய்யாகும் காலம் இருபதாம் நூற்றாண்டிலே வந்தது.

நிலநடுக்கம் கழிந்து சில ஆண்டுகளில் இசைத்தட்டும் ஒலிவாங்கியும் யப்பானில் வேரூன்றின. உரக்கப் பாடவேண்டிய தேவை ஒழிந்தது. காதோடு பேசுவது போற் பாடலாம் என்றாயிற்று. அதை நன்கு அறிந்து பயன்படுத்தியவர் கோகா மசாவோ என்னும் இசையமைப்பாளர். 1904இல் பிறந்து, சிறுவயதிலே தந்தையை இழந்து, கொரியாவிலே வளர்ந்தவர். மண்டலினும் கிற்றாரும் வல்லவர். 1928இலே வாழ்வை வெறுத்து மலைப்புறத்து வெந்நீரூற்று ஒன்றுக்குச் சென்று உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மீண்டார். அந்த நாளிலே நெஞ்சில் எழுந்ததே பின்னர் ‘நிழலை நாடி’ என்ற பாட்டாயிற்று.

ஆயினும் அவரை நாடறியச் செய்தது 1931இல் வந்த இசைத்தட்டு. ‘சகெ வ நமித க தமெஇகி க’ என்பது பாட்டின் பெயர். மது கண்ணீரோ, பெருமூச்சோ என்பது கருத்து. பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதற்பகுதி ஏழு அசை. பிற்பகுதி ஐந்து அசை. பெரும்புலவர் கையாண்ட அதே ஏழும் ஐந்தும் மதுக்கடைப் பாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டன! பாடியவர் புஜியாமா இச்சிரோ. அது அவர் புனைபெயர். இசைக்கல்லூரி மாணாக்கர் இசைத்தட்டுக்குப் பாடலாகாது என்ற விதி இருந்தமையால் பெயரை மறைத்தார். குட்டு வெளிப்பட்டது, கல்லூரி அவரைச் சிலகாலம் விலக்கி வைத்தது. உயர்ந்த இசை பயின்ற குரல், கிற்றாரின் துணையோடு, அடங்கிய தொனியிற் பாடிய அந்தப் பாட்டை நாடு முழுவதும் முணுமுணுத்தது.

இசை அறிந்தோர்க்காக ஒரு சொல். இப்பாடல்களின் சுரவரிசையை ‘யொநனுக்கி’ என்பர். நான்காவதும் ஏழாவதும் நீங்கியது என்று பொருள். இதில் இரு வகை உண்டு. மகிழ்ச்சிக்குரியது நமது மோகனத்தின் சுரங்களையே கொண்டது. இரங்கலுக்குரியது, சிவரஞ்சனியின் தைவதத்தை மட்டும் தாழ்த்தினாற் கிடைப்பது. ஓடக்காரன் பாட்டும் இந்த இரண்டாம் வகையே. கமகம் நம்மதைப் போன்றதன்று. ஆயினும் சுரம் பழகிய காதுக்கு அந்தத் துயரம் அந்நியமாய்த் தோன்றாது.

1937இலே சீனத்துடன் போர் மூண்டது. அதே ஆண்டிற்றான் ‘வக்கரெ நோ புளூசு’ என்ற பாட்டு வந்தது. பிரிவின் பாட்டு என்க. ஹத்தோரி றியோஇச்சி இசையமைக்க, அவாயா நொரிக்கோ பாடினார். யொக்கொகாமாத் துறைமுகத்தின் விளக்கொளியும் கப்பலேறிப் போகும் ஆடவரும் அதன் பொருள். போர்முனையிலே இருந்த வீரர் அப்பாட்டுக்கு உயிரை விட்டனர். ஆட்சியாளருக்கோ அது பிடிக்கவில்லை. வெற்றிப் பாட்டுப் பாட வேண்டிய வேளையில் ஒப்பாரி எதற்கு என்பது அவர் கட்சி. 1940இலே தக்கமினெ மியெக்கோ பாடிய ‘ஏரிக்கரை விடுதி’ என்ற பாட்டு, மலையிடை விடுதியில் ஒரு பெண் தனித்திருந்து பழைய காதலை நினைப்பது. காலத்துக்கு ஒவ்வாதது என்று அதன் விற்பனையே தடுக்கப்பட்டது. தடுத்தும் என்ன? பாடகர் போர்முனைக்குச் சென்றபோது வீரர் விரும்பிக் கேட்டவை இத்தகைய பாடல்களே.

அவாயா நொரிக்கோ அஞ்சாத பெண். எல்லாப் பெண்களும் உழைப்பாளர் காற்சட்டை அணிய வேண்டும், ஒப்பனை கூடாது என்று கட்டளை பிறந்தபோதும், நீண்ட மேடையுடுப்பும் உதட்டுச் சாயமும் தமது போர்க்கோலம் என்று மறுமொழி கூறினாராம். போரின் கடைசிக் காலத்திலே, திரும்பி வாராத பறப்புக்கென்று தெரிந்தெடுக்கப்பட்ட இளைஞர் முன்னிலையிற் பாட நேர்ந்ததைப் பிற்காலத்திலே அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே கட்டளை வரும். அழைக்கப்பட்ட பையன்கள் எழுந்து, மேடையை நோக்கி வணங்கிவிட்டுப் போவார்கள். அவர்கள் முன் அழுதல் ஆகாது என்று எண்ணியிருந்தவருக்குக் கண்ணீர் அடங்கவில்லை. பாட்டும் வாயில் வரவில்லை. நொரினாகா எழுதிய வீரனின் உள்ளம் அந்த மண்டபத்திலே இருந்தது. இரங்கற் பாட்டு அந்தப் பிள்ளைகளின் துணிவைக் குறைத்ததென்று யார் சொல்லத் துணிவார்? அவர்களை அங்கே அனுப்பியது பாட்டு அன்றே.

போர் தோல்வியில் முடிந்தது. பதினாறு ஆண்டு கழித்து, 1961இல், ஒரு புதுப்பாட்டு வந்தது. ‘உவெ ஒ முஇத்தெ அருக்கோ’. மேலே பார்த்தபடி நடப்போம் என்று பொருள். சொல் எய் றொக்குசுக்கே. இசை நக்கமுரா ஹச்சிதாய். பாடியவர் சக்கமோத்தோ கியூ என்னும் பத்தொன்பது வயது இளைஞர். ஏன் மேலே பார்க்க வேண்டும்? கண்ணீர் கீழே விழாமலிருக்கத்தான். அமெரிக்காவுடன் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்து 1960இலே பெருங்கிளர்ச்சி நடந்து தோற்றது; அந்த மனமுறிவே பாட்டின் வித்து என்பர். பாட்டிலே கிளர்ச்சியும் இல்லை, காதலியும் இல்லை, இறந்தவரும் இல்லை. தனித்து நடக்கும் ஒருவனும் அவன் அடக்கும் கண்ணீரும் இருக்கின்றனர். மெட்டோ துள்ளி நடக்கும் மெட்டு; நடுவிலே சீழ்க்கை வேறு. பழம்புலவர் நனைந்த கையைக் காட்டிக் கண்ணீரை மறைத்தனர். இவன் முகத்தை உயர்த்தி மறைக்கிறான்.

1963 யூன் மாதம் இப்பாட்டு அமெரிக்க இசைத்தட்டு வரிசையிலே மூன்று கிழமை முதலிடத்தில் நின்றது. யப்பானிய மொழிப் பாட்டொன்று அங்கே முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை. ஆனால் மேல்நாட்டார் அதற்கு வைத்த பெயர் ‘சுக்கியாக்கி’. அஃது இறைச்சிக் கறியொன்றின் பெயர்! வாயில் நுழையும் யப்பானியச் சொல் அதுதான் என்று வணிகர் வைத்துவிட்டனர். நம் நாட்டு ஒப்பாரி ஒன்றுக்குப் பிட்டு என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? பொருளறியாமலே அத்தனை பேர் அப்பாட்டை விரும்பினர் என்பதையும் மறுக்க முடியாது. 1985 ஓகஸ்ட் 12ஆந் திகதி தோக்கியோவிலிருந்து ஒசாக்கா சென்ற வானூர்தி மலையில் மோதி 520 பேர் இறந்தனர். அவர்களுள் சக்கமோத்தோ கியூவும் ஒருவர். 2011 மார்ச்சிலே கடல் பொங்கி வடகீழ்க் கரையை அழித்தபோது, பாடகரும் நடிகரும் கூடி மக்களைத் தேற்றப் பாடிய பாட்டும் இதுவே. 1923இலே துன்பத்தை அழைத்ததென்று பழிக்கப்பட்ட குலத்துப் பாட்டு, 2011இலே துன்பத்துக்கு மருந்தாய் அழைக்கப்பட்டது.

மிசொரா ஹிபாரியைக் கூறாது இதனை முடிக்க இயலாது. 1937இல் யொக்கொகாமாவிலே மீன் வணிகர் ஒருவரின் மகளாய்ப் பிறந்து, பன்னிரண்டு வயதிலே இசைத்தட்டுக்குப் பாடத் தொடங்கி, 1989 யூன் மாதம் 52ஆம் வயதில் மறைந்தவர். மறைந்த பின் அரசு அளித்த மக்கள் மதிப்பு விருதைப் பெற்ற முதற் பெண் அவரே. அவர் 1966இலே பாடியது ‘கனஷீ சக்கே’, துயர மது. அதற்கு இசையமைத்தவர் முன்னே கூறிய கோகா. முப்பத்தைந்து ஆண்டு கழித்து அதே மதுக்கிண்ணத்துக்கே அவர் திரும்பி வந்தார். முன்னர் வேறொருவர் பாடி எவரும் கவனியாத பாட்டு அது. ஹிபாரி அதனை மிகமிக மெதுவாகப் பாடினார். பாடும்போது அவர் கன்னத்தில் நீர் வழியும். குரலோ அசையாது, சுருதி இம்மியும் பிசகாது. அழுகிறவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர் என்று தோன்றும். அழுகை வந்தவுடன் குரலையும் உடைத்துக்காட்டும் நம் திரைப்பாடகர் சிலர் இதனைக் கேட்டாற் பயனுண்டு.

இவ்வகைப் பாடல்களை இன்று ‘எங்கா’ என்கின்றனர். 1880களிலே அச்சொல் அரசியற் பாட்டைக் குறித்தது. மேடையில் உரிமை பேசத் தடையிருந்தமையால் பேச்சைப் பாட்டாக்கினர். பேச்சுப்பாட்டு என்பதே பெயர்ப்பொருள். 1960களின் பிற்பகுதியிலேதான் அது காதல் முறிவுப் பாட்டுக்குரிய பெயராயிற்று. எங்காவுக்கும் நிலமும் பொழுதும் உண்டு. நிலம் வடக்கு, கடலும் துறைமுகமும். பொழுது பனியும் இரவும். 1975இலே மியாக்கோ ஹருமி பாடிய ‘வடக்கு விடுதியிலிருந்து’ என்ற பாட்டிலே, கைவிடப்பட்ட ஒருத்தி, அவன் ஒருபோதும் உடுத்தப்போவதில்லை என்று தெரிந்தும், அவனுக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிறாள். சட்டத்தரணிகள் இதனை அடிமைத்தனம் என்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்னி முடியும்போது அவளுக்குள்ளும் ஏதோ ஒன்று முடியும், அதற்காகவே பின்னுகிறாள்.

1977இலே இசிக்காவா சயுரி பாடிய ‘த்சுகாரு நீரிணைக் குளிர்காலக் காட்சி’ இவ்வகைக்கு முடிமணி. ஒருத்தி தோக்கியோவின் உயெனோ நிலையத்திலே இரவுப் புகையிரதம் ஏறி, பனி மூடிய அவோமோரியில் இறங்கி, வடதீவுக்குப் போகும் கப்பலில் ஏறுகிறாள். யாரைப் பிரிந்தாள், ஏன் பிரிந்தாள் என்ற விவரம் இல்லை. உடன் செல்வோர் பேசாது செல்கின்றனர், அலையோசை கேட்கிறது. அவாயா நொரிக்கோ பிறந்த ஊரும் அந்த அவோமோரிதான் என்பது தற்செயலே.

1988 மார்ச்சிலே நீரிணையின் அடியாக ஏறத்தாழ 54 கிலோமீற்றர் நீளமான சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. புகையிரதத்திலிருந்து இறங்கிப் பனியில் நடந்து கப்பலேற வேண்டிய தேவை ஒழிந்தது. அந்தக் கப்பற் சேவையும் நின்றது. கப்பல்களுள் ஒன்றான ‘ஹக்கோதா மாரு’ அவோமோரித் துறையிலே காட்சிச்சாலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. அதனருகே இப்பாட்டுக்கு ஒரு கல் நாட்டியிருக்கிறார்கள். யாராவது அணுகினால் அந்தக் கல்லிலிருந்து பாட்டு எழும்.